மோதிர விரலும் கொஞ்சம் ரோஷமும்

சில வருடங்களுக்கு முன், ஈஸ்டர் முடிந்த வாரத்தில் நடந்தது இது. தூத்துக்குடியில் எங்களுக்கு ஒரு சின்ன பேக்கரி இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் அடுப்படி. என் மாமனார் ஆரம்பித்தது. அவருக்குப் பிறகு கொள்முதல், கணக்கு எல்லாம் என் கணவரின் அண்ணன் பார்க்கிறார். என் கணவருக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. மக்ரூன் பிழிவது மட்டும் என் பொறுப்பு.

பிழிவது என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. முட்டையின் வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க நுரைக்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, அதைத் தாளில் சுருட்டிய கூம்புக்குள் நிரப்பித் தகரத் தட்டில் வரிசையாகப் பிழிய வேண்டும். கீழே அகலம், மேலே கூர்மை. கூம்பின் மேல் வாயை மடித்துக் கட்டைவிரல் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் கொடுப்பது மற்ற விரல்கள். அதிலும் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும்தான் முக்கால்வாசி வேலை. பழைய மாஸ்டர் திடீரென்று வேலையை விட்டுப் போனபோது, "நான் பிழிந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டுக் கூம்பைக் கையில் எடுத்தவள் நான். அதற்குப் பிறகு அந்த ஈஸ்டர் வரை எங்கள் மக்ரூன் தட்டில் வேறு கை பட்டதே இல்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரரே சிரிப்பார்.

அன்றைக்குப் புதுத் தட்டுகள் வந்திருந்தன. தகரத்தின் ஓரத்தை மடித்து அடிக்காமல் அப்படியே வெட்டிக் கொடுத்துவிட்டார் பட்டறைக்காரர். பிழிந்து முடித்த ஒரு தட்டை அலமாரியில் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் அது சரிய ஆரம்பித்தது. விட்டிருந்தால் ஒரு சத்தத்தோடு போயிருக்கும். ஒரு தட்டு மக்ரூன் மண்ணாகிறதே என்று தாவிப் பிடித்தேன். முழுத் தட்டின் கனமும் அந்தக் கூரான ஓரத்தோடு வலது உள்ளங்கையில் இறங்கியது.

அந்த நேரத்தில் பெரிய வலி ஒன்றும் இல்லை. இரத்தத்தைப் பார்த்து மற்றவர்கள்தான் அலறினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைத் துடைத்துவிட்டு, "விரலை மடக்குங்க" என்றார். ஆள்காட்டி விரல் மடங்கியது. சுண்டுவிரல் மடங்கியது. நடுவில் இருந்த இரண்டும் நீட்டியபடியே கிடந்தன. நான் சொன்னதை என் விரல் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை.

நரம்பு அறுந்துவிட்டதா என்று கேட்டோம். நம் பக்கத்தில் தோலுக்கு அடியில் நீளமாக எது இருந்தாலும் நரம்புதான். டாக்டர் இல்லை என்றார். தசை இழுக்கும்போது அந்த இழுப்பை எலும்புக்குக் கொண்டுபோகிற கயிறு அறுந்திருக்கிறது, அதற்குத் தசைநாண் என்று பெயர், அறுந்த முனைகளைத் தேடிப் பிடித்துத் தைக்க வேண்டும் என்றார். தைத்தார். நன்றாகவே தைத்தார் என்பதை இப்போதும் சொல்வேன். மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கி, புறங்கைப் பக்கம் ஒரு தடுப்பு வைத்துக் கட்டி அனுப்பினார். சில நாட்களில் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார். கட்டுக்குள்ளேயே மற்றக் கையால் விரல்களை மெதுவாக மடக்கி மடக்கி விட வேண்டும் என்பதையும் சொன்னார்.

இங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே இப்படிக் கோட்டை விட முடியும்.

பிழிந்த மக்ரூன் அடுப்புக்குள் போனால் லேசான சூட்டில் இரவு முழுக்க இருக்க வேண்டும். வெந்துவிட்டதா என்று நடுவில் கதவைத் திறந்து பார்த்தால் போச்சு, எல்லாம் அமுங்கிவிடும். எங்கள் வீட்டில் கொதிக்கிற குழம்பைக்கூட யாரும் திறந்து பார்ப்பதில்லை. அப்படி ஊறிப்போன பழக்கம். நான் இடது கையால் கட்டுக்குள் விரலைத் தொடப் போனபோது என் கணவர் பதறிவிட்டார்.

"ஏளா, இப்பத்தான் தச்சிருக்காவ. அதுக்குள்ள ஆட்டுனா அறுந்துராதா? அடுப்புல வச்சிருக்கதா நெனச்சிக்கோ. தானா வேகட்டும்."

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. தொட்டாலே வலிக்கிற கைக்கு இதைவிட இனிப்பான யோசனை உண்டா? சர்ச்சிலிருந்து ஜெபிக்க வந்த அக்காமார்களும், ஆரஞ்சுப் பழத்தோடு வந்த சொந்தக்காரர்களும் ஒரே குரலில் கையை அசைக்காதே என்றார்கள். தையல் பிரிக்கப் போன இடத்தில் பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டதற்கு ஒரு "ம்" போட்டு வைத்தேன். பிசியோதெரபியைக் கட்டுப் பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாயிற்று. ஒன்றரை மாதம் அந்தக் கையைப் பட்டுத்துணி மாதிரி பொத்தி வைத்திருந்தோம்.

கட்டைப் பிரித்தார்கள். காயம் அழகாக ஆறியிருந்தது. "மடக்குங்க" என்றார் டாக்டர். நான் மடக்கினேன். அதாவது, என் மனதில் மடக்கினேன். விரல்கள் பாதி வளைந்தபடி அப்படியே நின்றன. மடங்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. டாக்டர் தழும்பின் மேல் அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டது என்றார். பயிற்சி செய்யவே இல்லையா என்று சத்தம் போட்டார். சில மாதம் முயன்று பார்க்கலாம், சரிவராவிட்டால் திரும்பவும் திறந்து ஒட்டியதைப் பிரிக்க வேண்டும், அப்படிப் பிரிக்கும்போது தைத்த இடமே அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு என்றார்.

அன்று சாயங்காலம் கணவரின் அண்ணன், என் அத்தான், வந்தார். கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஏம்மா, நீ கஷ்டப்பட்டது போதும். ஒரு மாஸ்டர சொல்லி வச்சிருக்கேன். அடுத்த வாரம் வாரான். நீ இனி நிம்மதியா கல்லாவுல உக்காந்துக்கோ."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவராக இருந்தால் நன்றாக நாலு கேட்டுவிட்டுப் போயிருப்பேன். அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அக்கறையில் என் இடம் காலியாகிவிட்டது. என் கூம்பு, என் தட்டு, என் மேசை எல்லாம் அடுத்த வாரம் வருகிற யாரோ ஒருவருக்கு. எனக்கு ஒரு நாற்காலி.

"கிறிஸ்மஸ் ஆர்டருக்கு நான் பிழிவேன் அத்தான்" என்றேன்.

"பாப்பம்மா, பாப்பம்" என்றார். பொம்மை கேட்டு அழும் பிள்ளையிடம் சொல்கிற "பாப்பம்". அந்த ஒரு சொல்லுக்காகவே பிழிந்து காட்டுவது என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன்.

மறுநாளே பிசியோதெரபிக்குப் போனேன். காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வேலைக்கு வருகிற ஒரு பெண். என்னைவிட ரொம்பச் சின்னவள். தலையில் முக்காடு, கையில் தேங்காய் எண்ணெய், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நம்பி யாரும் கையைக் கொடுத்துவிடக் கூடாது. தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தித் தேய்த்தாள் என்றால் பரலோகம் தெரியும்.

ஏன் ஒட்டிக்கொண்டது என்று அவளிடம்தான் கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி விளக்கினாள். இணைப்புத் திசு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் படம் வரைந்து பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கி, அன்றைக்கே மறந்துபோன அதே இணைப்புத் திசு. இத்தனை வருடம் கழித்து என் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அவள் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். டாக்டர் போட்ட தையல் தற்காலிகமாகப் பிடித்து வைப்பதற்குத்தான். உண்மையில் அறுந்ததை இணைப்பது நம் உடம்பு. வெட்டுப்பட்டதும் முதலில் சில செல்கள் வந்து குப்பையைத் துப்புரவு செய்யும். அடுத்து வருகிற செல்களின் வேலை நார் நூற்பது. கொலாஜன் என்கிற நார். இழுத்தால் நீளாது, லேசில் அறுகாது, அவ்வளவு கெட்டி. நம் தசைநாண் முழுக்க அந்த நார்தான், ஒரே திசையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். தோலில் அதோடு ரப்பர் மாதிரி நீண்டு சுருங்குகிற வேறொரு நாரும் உண்டு. ஆனால் காயம்பட்ட இடத்தில் அவசரமாக நூற்கிற புது நாருக்குத் திசை கிடையாது. மேலும் கீழும் குறுக்கும் நெடுக்கும் ஓடும். பக்கத்தில் தோல் இருந்தால் தோல், எலும்பு இருந்தால் எலும்பு, எதையாவது பிடித்துக்கொள்ளும். விரல் அளவாக அசைந்துகொண்டிருந்தால்தான் எந்தப் பக்கம் இழுப்பு வருகிறது என்று அதற்குத் தெரியும். அந்தத் திசையில் நார் வரிசைகட்டும், தடிக்கும், வேண்டாத ஒட்டல் நெகிழும். அசைக்காமல் வைத்திருந்தால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டிதான்.

அதாவது, வேகட்டும் வேகட்டும் என்று நாங்கள் பொத்தி வைத்திருந்த அந்த ஒன்றரை மாதமும் அது தன் இஷ்டத்துக்குப் பின்னித் தள்ளியிருக்கிறது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் இதைச் சொன்னேன். மனிதர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அவரைத் தேற்றுவது வேறு எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

இனி ஒட்டியதை நெகிழ்த்த முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். நார் இன்னும் முழுதாக இறுகவில்லை, பல மாதம் மாறிக்கொண்டேதான் இருக்கும், விடாமல் கேட்டால் வழிவிடும் என்றாள். கேட்பதற்கு எனக்குச் சொல்லியா தர வேண்டும்! அடுத்த வாரமே ஒருநாள் வீட்டில் உட்கார்ந்து ஆத்திரம் தீர விரல்களைப் பிடித்து மடக்கினேன். புதுசாக வந்த மாஸ்டர் என் மேசையில் நின்று பிழிவதை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். நன்றாகவே பிழிந்தார், அது வேறு ஒரு எரிச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினேன். கண்ணீர் தானாக ஓடியது. நிறுத்தவில்லை. காலையில் கை புசுபுசுவென்று வீங்கி, முதல்நாள் மடங்கிய அளவுகூட மடங்கவில்லை.

அந்தப் பெண் கையைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"யாருகிட்ட அக்கா சண்டை போடுறீங்க? நீங்க முரட்டுத்தனமா இழுத்தா உள்ள இருக்கிற செல்லு திரும்பவும் காயம்னு நினைச்சு இன்னும் நாரத்தான் நூற்கும். அதுக்கு உங்க வீட்டு ரோஷம்லாம் தெரியாது."

சுருக்கென்று தைத்தது. என் அத்தானோடும் மாஸ்டரோடும் போட வேண்டிய சண்டையை என் கையோடு போட்டிருக்கிறேன். ஆனால் ரோஷத்தை விட்டுவிடு என்று அவள் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன். வலிக்கிற வரைக்கும் போங்கள், வீங்குகிற வரைக்கும் போகாதீர்கள் என்றாள். கொஞ்சமாக, அடிக்கடி, ஒரு நாளும் விடாமல். என்னை மாதிரி ஆட்களுக்கு ஒரேயடியாக மோதுவது சுலபம். கொஞ்சமாகச் செய்வதுதான் உயிர் போகிற வேலை.

அதையும் செய்தேன். கல்லாவில் உட்காரச் சொன்னார்கள் அல்லவா, உட்கார்ந்தேன். மேசைக்கு அடியில் ஒரு கோதுமை மாவு உருண்டை. ஆள் இல்லாதபோதெல்லாம் அதை அமுக்குவது. வீட்டில் வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்குவது, தழும்பை எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, விரலின் நடுக்கணுவைப் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் அசைக்கப் பார்ப்பது. கடைக்கு வருகிற அண்ணாச்சிமார்கள், "இப்ப எப்படிம்மா இருக்கு? பாவம்" என்பார்கள். பாவமெல்லாம் வேண்டாம், கிறிஸ்மஸுக்கு ஆர்டர் சொல்லுங்கள் என்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் என் அத்தானைப் பார்ப்பார்கள்.

மழைக்காலம் தொடங்குகிற சமயம். ஒரு மத்தியானம், மோதிர விரலின் நுனி ஒரு துளி அசைந்தது. இடது கை தொடவில்லை. நானாகச் சொன்னேன், அது கேட்டது. எதிரே ஒரு அம்மா அரைக் கிலோ மிக்சருக்காக நின்றுகொண்டிருந்தார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் பயந்துபோய், பரவாயில்லை, கால் கிலோ போதும் என்றார்.

டிசம்பர் பிறந்து ஆர்டர்கள் குவிய ஆரம்பித்தன. ஒருநாள் அடுப்படிக்குள் போனேன். மாஸ்டர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்துப் போகவில்லை. அவரும் இருந்தார், அத்தானும் இருந்தார். என் மேசைக்கு நான் எதற்குத் திருட்டுத்தனமாகப் போக வேண்டும்? ஒரு சட்டிக் கலவை தயாராக இருந்தது. தாளைச் சுருட்டினேன்.

"ஏம்மா, இது ஆர்டர் சரக்கு. வெளையாட்டில்ல. கட பேரு கெட்டுரும்" என்றார் அத்தான்.

"கெட்டா எம் பேரச் சொல்லுங்க அத்தான்" என்றேன்.

முதல் வரிசை வறட்டி மாதிரி பரந்துவிட்டது. இரண்டாவது வரிசையில் தொடக்கத்தில் இருந்தவையெல்லாம் ஒழுங்காக நின்றன, போகப் போகச் சரிந்தன. மாஸ்டர் கூம்பை வாங்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அடித்த கலவை ரொம்ப நேரம் காத்திருக்காது, நீர்த்துப் போகும். சட்டி நிறைய இருக்கிறது. அத்தான் என் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு விடுவது கேட்கிறது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கூம்பு நிறைந்து பருமனாக இருக்கும் வரை என் விரல்கள் அதை நன்றாக அழுத்துகின்றன. பாதி தீர்ந்து மெலிந்ததும், மோதிர விரலுக்கு அவ்வளவு தூரம் மடங்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம். விரல் இன்னும் மடங்க வேண்டும் என்று அங்கே நின்று அதோடு மல்லுக்கட்ட எனக்கு நேரம் இல்லை. பாதிக் கூம்பை அப்படியே வைத்துவிட்டுப் புதுசாக ஒன்றை நிரப்பினேன். அது பாதி ஆனதும் இன்னொன்று. வைத்த பாதிகளை ஒன்றாகச் சேர்த்து மறுபடி ஒரு முழுக் கூம்பு.

"என்னம்மா, இவ்வளவு தாளு?" என்றார் அத்தான்.

"தாளு நான் வாங்கித் தாரேன்" என்றேன். கொஞ்ச நேரத்தில் மாஸ்டர் தானாகவே எனக்குத் தாள் சுருட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். சட்டி காலியானது.

மறுநாள் அடுப்பைத் திறந்தபோது மொறுமொறுவென்றுதான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் கூரும் கொஞ்சம் இடதுபக்கமாகச் சாய்ந்திருந்தது. அத்தான் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்த சரக்கு போடுகிற டின்னை இழுத்தார். நான் அந்த டின்னை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, கடையின் முன்பக்கக் கண்ணாடிப் பாட்டிலில் என்னுடையதைக் கொட்டினேன். பக்கத்துப் பாட்டிலில் மாஸ்டருடையது. கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன்: இது நான் பிழிந்தது, அது மாஸ்டர் பிழிந்தது, எது வேண்டும்? சிலர் நேராக நின்றதை வாங்கினார்கள். வாங்கட்டும். சாய்ந்ததும் சாயங்காலத்துக்குள் தீர்ந்தது. இரவு கடை அடைக்கும்போது அத்தான், "நாளைக்கு எத்தன சட்டி அடிக்கச் சொல்ல?" என்று என்னைக் கேட்டார். மாஸ்டரைக் கேட்கவில்லை. இரண்டு என்று விரலால் காட்டினேன்.

அந்த மாஸ்டர் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார். கேக், ரொட்டி எல்லாம் அவர் கை. மக்ரூன் மேசை என்னுடையது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

பண்டிகையெல்லாம் முடிந்து கடைசியாக ஒருமுறை பிசியோதெரபிக்குப் போனேன். அந்தப் பெண் விரலை அளந்து பார்த்தாள். நடுவிரல் நன்றாக வந்துவிட்டது, மோதிர விரலில் மிச்சம் இருக்கிற கொஞ்சம் இனி வராது என்றாள். உள்ளே இருப்பது ஒட்டுப்போட்ட நார், பிறவியில் இருந்த நார் ஆகாது, வேண்டுமானால் டாக்டரிடம் அந்த இன்னொரு ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பயந்துபோய்ச் சொன்னதல்ல. அந்த விரலில் போடுகிற மோதிரத்தை இடது கைக்கு மாற்றிப் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்கள் யாராவது என் விரலைப் பார்த்து, "அடடா, முழுசா மடங்கலையே" என்று உச்சுக்கொட்டினால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். மடங்காத அந்தக் கொஞ்சம் மட்டும்தான் அவர்கள் கண்ணில் படுகிறது. மடங்குகிற மிச்சம் அத்தனையும், அவ்வளவுதான் உன் கை என்று எல்லோரும் சொன்ன பிறகு நான் ஒவ்வொரு துளியாகக் கேட்டு வாங்கியது.